எல்லைக்கு அந்தப் பக்கம் தூக்கிய கை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் வரும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் பூவம் தமிழ்நாட்டை ஒட்டிய யூனியன் பிரதேசத்து ஊர். அங்கே எங்கள் வயல் கடைமடை. தமிழ்நாட்டு ஊர் ஒன்றைத் தாண்டித்தான் வாய்க்கால் எங்களிடம் வரும். சில வருஷங்களுக்கு முன் எல்லையின் இருபுறமும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. சம்பாவுக்கு விட்ட நாற்று காய ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்று பேர்; அந்த அலுவலகத்துக்குப் போனேன். "மேல அவங்க பக்கம் அடைச்சிருக்கு. நாங்க இங்க மட்டும் வெட்டி என்னங்க ஆவும்?" என்றார் அலுவலர். அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் நடந்து வெகுகாலம் ஆகிறது. வாசலில் நின்று கூப்பிட ஒரு உறுப்பினர் கிடையாது.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தத் தமிழ்நாட்டு ஊரில்தான். சுதந்திர தினத்தன்று அங்கே கிராமசபை. அத்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்காகப் பேசச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஒன் வயலுக்கு என் வாயா?" என்றார்.

நான் கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவன். "வேற யாருக்காவது கொறை இருக்கா?" என்று ஊராட்சித் தலைவரம்மா கேட்டதும், ஓட்டில்லாத ஊரில் என் கை மேலே போய்விட்டது.

"ஓட்ட அங்க போட்டுட்டு கொறைய இங்க எறக்குறியா மாப்ள?" என்றார் பின்னால் ஒருவர். கூட்டமே சிரித்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

தலைவரம்மா மட்டும், "நீங்க சொல்லுங்கண்ணே" என்றார்.

சொன்னேன். அந்த அடைப்பால்தான் மழைக்காலத்தில் அக்கா இருக்கும் கீழத்தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். உடனே கீழத்தெருப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். "ஆமாங்க, போன மழைக்கு அடுப்புவரைக்கும் தண்ணி!" அவர்களுக்கு அங்கே ஓட்டு இருந்தது. தீர்மானம் நிறைவேறியது.

நூறு நாள் வேலைக்காரர்கள் எல்லைவரை சுத்தம் செய்தார்கள். திரும்பவும் கொம்யூனுக்குப் போய்ச் சொன்னேன். அலுவலர் நேரில் வந்து பார்த்தார். "அவங்க வெட்டி நாம விட்டா நல்லாருக்காதே" என்று மிச்சத்துக்கு இயந்திரம் அனுப்பினார். பாதி நாற்றுதான் பிழைத்தது. ஆனால் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நிற்கவில்லை.

எங்கள் பக்கமும் தேர்தல் நடத்தக் கேட்டு இப்போது தெருவில் கூட்டம் போடுகிறோம். போன கூட்டத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வியர்த்தது, ஆனாலும் பேசினேன்.

வயலில் கதிர் சாய்ந்து நிற்கிறது. மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வந்து இதை எழுதி முடித்தேன்.

மாட்டுப் பொங்கல், ஜனவரி பதினாறு.