கச்சான் இல்லாத சமையல்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மகளின் வகுப்புத் தோழி இருக்கிறாள். பூனாவிலிருந்து வந்த குடும்பம். தாய் தகப்பன் இருவருக்கும் கணினி வேலை. நாங்கள் நான்காம் மாடி. போன வருடம் இலைகள் கொட்டத் தொடங்கிய நேரத்தில் தோழியின் பாட்டி மூன்று மாத விசாவில் ஜெர்மனிக்கு, நாங்கள் இருக்கும் டுசல்டோர்ஃபுக்கு வந்தார். மராத்தியில் பாட்டியை ஆஜி என்பார்கள். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் ஆஜி என்றேன்.

நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். புதனும் வெள்ளியும் மதியத்தோடு மூடிவிடுவோம். மற்ற நாட்களில் வீடு வர ஆறு மணியாகும். கணவருக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் வேலை நேரம். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் இரண்டாம் மாடியில் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தையும் முடித்துக்கொண்டு மேலே வருவாள்.

அவளுக்குப் பதினொரு வயது. கச்சான், அதாவது வேர்க்கடலை, அவளுக்கு ஆகாது. மூன்று வயதில் ஒருமுறை உதடு வீங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அது வருவதில்லை. பள்ளிக்கூடப் பையில் அவசரத்துக்கென்று ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். கீழ்வீட்டிலும் சொல்லியிருந்தேன். ஆஜி வந்த அன்றே மருமகள் அவருக்கு விளங்கப்படுத்தியும் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆஜி வெள்ளரிக்காயை நறுக்கித் தயிரில் போட்டார். உப்புப் போட்டார். அதற்குப் பிறகு கை தானாக அடுத்த டப்பாவுக்குப் போய்விட்டது. வெள்ளரிக்காயின் தண்ணீரை இழுக்க, வறுத்து இடித்த கச்சான் பொடியில் ஒரு பிடி. அறுபது வருடமாகப் போட்ட கை. யாரும் கேட்டிருந்தால் போடவில்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதை நம்பியும் இருப்பார்.

ஊசியைப் போட்டது தோழி. அவசர இலக்கத்துக்கு அழைத்ததும் அவள்தான். தகவல் கேட்டு நான் வேலையிலிருந்து ஓடி வந்தபோது அம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே முகமூடியோடு கிடந்த பிள்ளையின் கண்கள் வீங்கி மூடிப்போயிருந்தன. வேறு யாருடைய பிள்ளையோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஆறுதல்கூட வந்தது. இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தோம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் மேலேயே தனியாகச் சாப்பிட்டாள், பாண் துண்டும் சீஸும். கீழே ஆஜி சமைப்பதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அந்தக் குழந்தை வந்து போகும் வீட்டில் இனிப் பாத்திரம் தொடமாட்டேன் என்றாராம். கடையில் வாங்கிய பீட்சாவை எல்லோரும் தின்றார்கள். இங்கே நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்.

"அம்மா, நான் சாகேல்லைத்தானே. பிறகேன் எல்லாரும் செத்தவீடு மாதிரி இருக்கிறியள்?"

அவளுக்குக் கீழே போக வேண்டும், தோழியோடு இருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பயமான காரியம் வேறில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆஜியிடம் மராத்திச் சமையல் பழக விரும்புகிறேன், புதனும் வெள்ளியும் வரட்டுமா என்று தோழியின் தாயிடம் கேட்டேன். அவள் சரி என்றாள்; நான் பக்கத்தில் நிற்பதென்றால் சமைக்கிறேன் என்று ஆஜியும் சம்மதித்தாராம். எங்கள் திட்டத்தைக் கேட்ட மகள் சொன்னாள்: "நீங்கள் சமையல் பழகப் போறியளோ, பொலிஸ் வேலை பாக்கப் போறியளோ?"

பொலிஸ் வேலைதான். முதல் நாள் அலுமாரியிலிருந்த டப்பா ஒவ்வொன்றையும் திறந்து மணந்து பார்த்தேன். எண்ணெய்ப் போத்தலின் பின்பக்கத்தைப் படித்தேன். கச்சான் பொடி டப்பாவோடு பழைய மசாலாத் தட்டையும் ஆஜி குப்பையில் போட்டுவிட்டார், புதிது வாங்கியிருந்தார்கள். ஆனாலும் எதைப் போடுவதற்கு முன்னும் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டே போட்டார். கடுகைக்கூட. என் தலையசைப்புக்காக எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருக்கும்.

எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. பிள்ளைகள் ஜெர்மனில் சொல்லித் தருவார்கள். அவல் நனைப்பது, ஆம்டி என்ற பருப்புக்குழம்பு, கடலைப்பருப்பு மாவைக் கிண்டிச் செய்யும் பிட்லே. ஆம்டியில் அவர் வெல்லம் போட்டபோது பருப்புக்குள் இனிப்பா என்று என் முகம் சுளித்திருக்க வேண்டும். என் கையாலேயே இன்னொரு துண்டு போடவைத்தார். புளிப்புக்குப் போட்ட கருஞ்சிவப்புத் தோல்கள் மீன்குழம்புக்கு நாங்கள் போடும் கொறுக்காய்ப் புளிக்குத் தம்பி முறை. கத்தரிக்காய்க்குள் அடைக்கும் மசாலாவுக்குக் கச்சான்தான் ஆதாரம். அதற்குப் பதிலாக எள்ளையும் கொப்பரையையும் வறுத்து அரைத்துப் பார்த்தார். எள் மகளுக்குப் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லியிருந்தார்கள். ஆஜி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். தோழி சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள்: தாத்தா இருந்திருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பியிருப்பாராம், நல்லவேளை போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கால் உளைந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவராக வாய் திறந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்து, பின்னேரம் மகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் கவளத்திலிருந்து பத்து நிமிடம், பிறகு அரை மணி. உதடு, கண்ணிமை, கழுத்து. ஒரு புதன்கிழமை அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"நீங்கள் என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்கு விழுங்க ஏலாமக் கிடக்கு."

மற்ற மூன்று நாளும் அவளுக்குப் பாண்தான். இதை எவ்வளவு காலத்துக்குச் செய்வது என்று கணவர் கேட்டார். "அவளுக்கு நாப்பது வயசாகேக்கையும் பக்கத்தில நிப்பீரோ?" நான் ஓம் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி நோயாளி வராததால் ட்ராமில் கொஞ்சம் முந்தியே வந்து இறங்கினேன். கட்டடத்துக்குப் பின்னால் சிறுவர் விளையாடும் இடம் இருக்கிறது. அந்தக் குளிருக்கு ஊஞ்சலில் யாரும் இல்லை. பக்கத்து வாங்குப் பலகையில் மட்டும் ஒருவர். சேலைக்கு மேல் மகனுடைய பெரிய குளிர்ச்சட்டை, காதை மூடிய கம்பளித் தொப்பி. ஆஜி.

மடியில் துருக்கிக் கடையில் வாங்கிய சின்னக் கடதாசிப் பை. அதிலிருந்து வறுத்த கச்சானை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு துண்டு வெல்லத்தோடு மென்றுகொண்டிருந்தார். அன்று ஏகாதசி. விரத நாளில் அவர்களுக்குச் சோறு இல்லை. ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, கச்சான், இப்படித்தான். வாழைப்பழமும் பாலும் போதாதா என்று பிறகு யோசித்தேன். ஒருவேளை ஆசையாகவும் இருந்திருக்கலாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த ஏகாதசி எல்லாவற்றுக்கும் அவர் இப்படித்தான் கீழே வந்து உட்கார்ந்தார் என்று மருமகள் எனக்குச் சொன்னாள்.

என்னைக் கண்டதும் பையை மடக்கிப் பிடித்து, மற்றக் கையை நீட்டி, கிட்ட வராதே என்று காட்டினார். நான் நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நான் முதலில் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, விரல்களை.

அவர் எழுந்து பையைக் குப்பைத்தொட்டிக்குள் ஆழமாகத் திணித்தார். ஈரக் கடதாசி எடுத்து விரல்களைத் துடைத்தார், பிறகு இன்னொன்று, பிறகு வாயை, பிறகு சட்டையின் முன்பக்கத்தை. குளிரில் விரல்கள் நீலமாயிருந்தன. அவசரப்படவில்லை. எல்லாம் முடிந்ததும் ஜெர்மனில் தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லைச் சொன்னார்: வீட்டில், இல்லை. பிறகு நீ முதலில் போ, நான் கழுவிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினார்.

இரண்டாம் மாடியில் மகள் கதவைத் திறந்தாள். விரத நாளென்று ஆஜி முந்தியே சமைத்து முடித்திருந்தார், பிள்ளைகள் மேசையில் தட்டு வைத்திருந்தார்கள். அது என் கண்காணிப்பில்லாமல் சமைத்தது. வாசலில் நின்றபடியே நான் வரவில்லை, மேலே போகிறேன், நீ சாப்பிட்டுவிட்டு வா என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சுகமில்லையோ அம்மா?"

"களைப்பாக் கிடக்கு. ஊசி பைக்குள்ள கிடக்குத்தானே?"

"ஓம்."

மேலே வந்து சப்பாத்தைக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தேன். தொலைபேசி கையில். இருபதாம் நிமிடம் எழுந்து மூன்றாம் மாடிவரை இறங்கி, கீழே காது கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஐம்பது நிமிடத்தில் அவள் வந்தாள், பெருங்காய வாசத்தோடு. கத்தரிக்காய் இரண்டு சாப்பிட்டாளாம்.

"ஆஜி சொல்லச் சொன்னவ. என்னைக் காவல் காக்க எண்டால் நீங்கள் இனி வரத் தேவையில்லையாம். பழக எண்டால் புதன்கிழமை வரட்டாம், ரொட்டி உருட்டிக் காட்டுறாவாம்."

போனேன். அவர் ஊருக்குப் போக இரண்டு கிழமைதான் இருந்தது. அவர் தேய்த்தது வட்டமாக வந்தது, நான் தேய்த்தது எந்த நாட்டு வரைபடம் என்று பிள்ளைகள் பந்தயம் பிடித்தார்கள். மா தேய்க்கும் இடம் யன்னல் பக்கம். மேசைக்கு முதுகைக் காட்டியே நிற்க வேண்டும். பின்னால் அவர்கள் சாப்பிடும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் தடவை ஆஜி என் தோளைப் பிடித்து மெதுவாகப் பலகைப் பக்கம் திருப்பிவிட்டார்.