பூக்கட்டிப் பார்த்த மூச்சு

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருந்தது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போன பஸ் ஜன்னல்களில் எல்லாம் ஈரத் துண்டுகள் காயாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஊரே குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் நனையாமல் நின்றேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் பிறந்த முதல் பிள்ளை. குறைமாதம். மனைவிக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அவள் மாடியில் கண் திறக்காமல் கிடந்தாள். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் மகள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து எழுந்தது, யாரோ ஒரு காகிதத்தைக் கசக்கிக் கசக்கி விரிப்பதுபோல. இருவருக்கும் நடுவில், படிக்கட்டில், எனக்கென்று ஓர் இடம்.

குழந்தைகள் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், பேச்சில் நம்ம ஊர் வாடை. மூச்சுக்கு உதவ இரண்டு முறைகள் இருக்கின்றன என்றார். இரண்டிலும் மூக்கில்தான் குழாய். ஒன்றில் குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் குமிழி விடும். அந்த அழுத்தம் நுரையீரலைச் சுருங்காமல் தாங்கும். மற்றதில் சூடாக்கி ஈரமாக்கிய காற்று வேகமாகப் போகும். இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எது மேல் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. நான் சம்மதித்தால், எந்த முறை என்பதை, உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாமல் ஒட்டி வைத்த உறை ஒன்று முடிவு செய்யும். சம்மதிக்காவிட்டாலும் வைத்தியம் நிற்காது, வழக்கமாகச் செய்வதைச் செய்வார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு படித்துவிட்டுச் சீட்டா குலுக்குவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்களுக்கும் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிப்போமா?"

யோசிக்கச் சொன்னார். ரொம்ப நேரம் இல்லை என்றும் சொன்னார். இலத்தூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். வயலில் நின்றார், பின்னால் மோட்டார் சத்தம்.

"ஏலே, சோதனை பண்ணுததுக்கு நம்ம பிள்ளையா கிடைச்சுது? கையெழுத்துப் போட்டுராத." மோட்டார் சத்தம் நின்றது. "எதுக்கும் நீ பாத்துக்கோ."

வைத்துவிட்டார். அந்த 'நீ'யில் என்னைத் தவிர யாரும் இல்லை.

மனைவியிடம் கேட்கலாம் என்று மாடி ஏறினேன். இன்னும் விழிக்கவில்லை. கையைப் பிடித்து உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கல்யாணம். வந்தது. துணிந்து முடிவெடுக்க முடியாதவர்கள் வேலை இது என்று நான் பிறகு கேலி பேசினேன். அவள் சிரிக்கவில்லை. பொட்டலம் பிரியும்வரை ரெண்டு வீட்டு ஆட்களும் ஒரே மாதிரிப் பயந்து நின்றார்களே, அதைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

இறங்கி வந்து கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் உறையைக் கிழித்தார். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவர் விரலைப் பார்த்தேன். மடிப்பைப் பிரிக்காமல் அதன் மேலேயே நின்றது. எந்தச் சீட்டு நல்லது என்று தெரிந்தவருடைய விரல் இல்லை அது.

"தண்ணி பாட்டில்" என்றார்.

அன்று முழுக்க அந்தக் குமிழிச் சத்தத்தின் பக்கத்தில் நின்றேன். வெளியே எத்தனை அருவி விழுந்தால் என்ன, எனக்கு அந்தச் சின்னத் தண்ணீர்தான் கேட்டது. மறுநாள் மகளின் நெஞ்சுக் குழி ஆழம் குறைந்தது. மாடியில் மனைவியும் கண் திறந்தாள். பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு மற்ற சீட்டு விழுந்திருந்தது. அதுவும் பிழைத்து வீட்டுக்குப் போனது.

மகள் இப்போது ஐந்தருவியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டுகிறாள். எந்த முறை மேல் என்று கடைசியில் கண்டுபிடித்தார்களா, நான் விசாரிக்கவில்லை. எதையாவது தனியாக முடிவு செய்ய வேண்டி வரும்போதெல்லாம் இன்னும் அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறேன். தெரியாது என்று சொல்லிவிட்டு உறையோடு என் கூடவே நின்ற அந்த டாக்டருக்கும் கொஞ்சம் இடம் விட்டு நிற்கிறேன்.