ஏரியில தண்ணி வந்துடுச்சா

அப்பாவைச் சேர்த்திருந்த கடலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில், வெயிலேறிய ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் எண்ணை அழுத்தினேன். அந்த ரெக்சின் வாசனை, காட்டுமன்னார்கோயிலில் அப்பா நடத்திய எஸ்.டி.டி. பூத்தின் வாசனை. பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பூத்துக்குச் சாவுச் செய்தி வந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் அப்பாதான், என் விரலைப் பிடித்தபடி போவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், "ஏரியில தண்ணி வந்துடுச்சா மாமா?" என்று ஆரம்பித்து, நாற்று, ரைஸ்மில் தவிடு, நேரத்துக்கு வராத டவுன் பஸ் என்று சுற்றிக்கொண்டே இருப்பார், பேச்சு நீள நீள என் விரலில் அவர் பிடி இறுகும், எதிரே நிற்பவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். 'சொல்லித் தொலையேம்ப்பா' என்று உள்ளுக்குள் கத்துவேன்.

அம்மா போனை எடுத்தாள்.

"சாப்ட்டியாம்மா?" என்றேன். "அங்க மழையா? ஏரியில தண்ணி வந்துடுச்சா?"



"உங்கப்பா மாதிரி பேசாதடி," என்றாள். "எப்ப போனாரு?"