ராப்பா, செராமிக்கா: ஒரு ஜீப் பட்டறைக்காரன் பட்ட சூடு

எஞ்சின் சூட்டைக் குறைத்துத் தருகிறேன் என்று பலகை மாட்டியவனுக்கு முதலில் சூடாவது அவன் தலைதான். கிரீஸ் கையோடு சோறு தின்னும் பட்டறை அன்பர்களே, இதை நீங்களாவது மறுக்க மாட்டீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதி. பெண் எடுத்தது பீர்மேட்டில். மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது என்று வந்தவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. இங்கே ஜீப்தான் எல்லாம். தேயிலைக்கு ஆள் ஏற்றுவது, லயம் என்கிற தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, ஊர் பார்க்க வருகிறவர்களைக் குலுக்கி எடுப்பது எல்லாம் ஜீப்தான். பழைய ஜீப்பில் டர்போ எஞ்சினை ஏற்றிவிட்டால் மேடு ஏறும்போது மேனிஃபோல்டு சிவந்துவிடும். எஞ்சினில் எரிந்த புகையை வாங்கி டர்போவுக்குத் தள்ளும் இரும்புக் குழாய் அது. அந்தச் சூடு ஒயரை உருக்கும், டிரைவரின் காலையும் வேகவைக்கும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று ராப்: தீப்பிடிக்காத துணிப் பட்டையைக் குழாய்மேல் இறுக்கிச் சுற்றுவது. காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம் எடுத்துப்போகலாம். இன்னொன்று செராமிக்: மேனிஃபோல்டைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, துரு போக மணல் அடித்து, பூச்சு பூசி, அடுப்பில் சுட்டு வாங்குவது. வண்டி ஒரு வாரம் படுத்துக்கொள்ளும். எது நல்லது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது.

முதல் புகை

பாஸ்கரன் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் வாயும் கையும் ஓயாத ஆள். போன வருஷம் மழைக்கு முன்னால் ராப் சுற்றச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்தான். சுற்றிக் கொடுத்தேன். புது ராப் முதல் ஓட்டத்தில் கொஞ்ச நேரம் புகையும், பயப்படாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டு நேராக ஸ்டாண்டுக்குப் போய், தேயிலை எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் விட்டிருக்கிறான்.

பாதி மேட்டில் பானட்டிலிருந்து புகை கிளம்பியது. பின்னால் இருந்தவர்கள் கூடையும் கொழுந்துப் பையுமாகக் குதித்தார்கள். ஒருத்தி தன் குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு எஞ்சினை நோக்கி ஓடியிருக்கிறாள். சிவந்த இரும்பில் அந்தத் தண்ணீர் பட்டிருந்தால் அது அன்றைக்கே வெடிப்பு விட்டிருக்கும். பாஸ்கரன் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறான். ஈரச் சட்டையோடு என்னிடம் வந்து நின்றான்.

"பொகை வரும்னு எங்கிட்ட சொன்னா போதுமாண்ணே? பின்னாடி இருந்த பத்துப் பொம்பளைககிட்ட யாரு சொல்லுவா?"

வெயில் ஊரும் மழை ஊரும்

எருத்தேன்பதிப் பக்கம் டிராக்டருக்கும் லாரிக்கும் ராப் சுற்றியிருக்கிறேன். சுற்றினால் சுற்றினதுதான், வருஷக்கணக்கில் கிடக்கும். அந்தக் காய்ந்த காற்றில் என்ன ஆகப்போகிறது? அதே நம்பிக்கையோடு இங்கேயும் சுற்றினேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஜீப் வேறு வேலைக்கு வந்தது. என்னோடு வேலை செய்யும் முருகேசன், இந்த ஊர்க்காரர், ராப்பைப் பிரித்தார். ஈரம் குடித்துக் குடித்து உள்ளே இரும்பு அப்பளமாக உரிந்தது. பதறிப்போய், ராப் சுற்றிக் கொடுத்த ஜீப்காரர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு நாள் நிறுத்துங்கள், பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். பலரும் வந்தார்கள். பாஸ்கரன் மட்டும் ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். உங்கள் ஊரில் மழை இவ்வளவு கெட்டதா என்று முருகேசனிடம் புலம்பினேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மழ பெஞ்சா நாங்க சொல்ல மாட்டோம்ணே. நின்னாத்தான் சொல்லுவோம்."

மாரிச்செல்வி கேட்ட கேள்வி

தோட்டத்து மேல் டிவிஷன் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது மாரிச்செல்வி. எங்கள் ஸ்டாண்டில் ஒரே பெண் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் அவள் வண்டியை ஒடிக்கிற அழகைப் பார்க்கவே நான் பட்டறை வாசலில் நிற்பதுண்டு. என் மனைவியும் கூட நின்று பார்ப்பாள், அதனால் வம்பில்லை. அந்தப் பள்ளிக்கூட ட்ரிப்தான் அவள் குடும்பத்துக்குச் சோறு. அதன்மேல் பாஸ்கரனுக்கு ஒரு கண் உண்டு என்பதும் ஊருக்கே தெரியும்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த மறு வாரம் வந்தாள். முன் சீட்டில் உட்காரும் பிள்ளை சூடு தாங்காமல் காலை மடக்கிக்கொண்டு வருகிறதாம். நான் வழக்கம்போல, "அம்மிணி, ராப்புன்னா சாயந்தரமே வண்டி எடுத்துக்கலாமுங்க. செராமிக்குன்னா ஒரு வாரம் ஆகுமுங்க" என்று சொன்னேன். ஈரத்தில் ராப் படும் பாட்டையும் மறைக்கவில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்துக்கொண்டால் ஓடும் என்றேன். ஒரு வாரம் வண்டி நின்றால் ட்ரிப் கை மாறிவிடும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். சாயங்காலமே போதும் என்பாள் என்று ராப் கட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

அவள் ராப்புக்குள் வெடிப்பு விழுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டாள். சத்தம் மாறும், புகை நாற்றம் வரும் என்றேன். மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டுப் போகும்போது அந்தப் புகை எங்கே போகும் என்றாள். இத்தனை பேர் என்னிடம் விலையும் நாளும் கேட்டிருக்கிறார்கள், இதைக் கேட்டவர்கள் யாருமில்லை. அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"கண்ணுக்குத் தெரியிற சூடுன்னா சமாளிச்சுருவேன்ணே. துணிக்குள்ள ஒளிஞ்ச வெடிப்ப நான் எங்க போயித் தேடுறது? கழத்துங்க."

என்ன கலர் இருக்கு?

அவளுடைய மேனிஃபோல்டோடு இன்னொன்றும் கோயம்புத்தூருக்குப் போனது. அது ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் இளைஞருடையது. ஞாயிற்றுக்கிழமை சேற்றில் ஜீப் பந்தயம் ஓட்டுகிறவர். செராமிக் சூட்டைத் தடுக்குமா, எத்தனை நாள் உழைக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. எனக்குச் சிவப்புதான் வேண்டும் என்று நின்றார். சூடு தாங்குவது கறுப்பும் சாம்பலும்தான், சிவப்பு நாளாக ஆக மங்கிவிடும் என்றேன். பானட்டுக்குள் கிடக்கும் இரும்பை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றும் கேட்டுவிட்டேன். பானட்டைத் திறந்து வைத்துத்தான் பார்க்கிங்கில் நிறுத்துவாராம்.

"உங்க வீட்டம்மாவுக்கு எடுத்த பட்டுச் சேலய பீரோவுல பூட்டியா வச்சிருக்கீங்க?"

ஒரு வாரம்

ட்ரிப்புக்கு என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அவள் நேராக ஸ்டாண்டுக்குப் போய்ப் பாஸ்கரனிடமே ஓட்டச் சொல்லிவிட்டாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்தப் பிள்ளையை இறக்கிவிட்டால் கேட்டுக்குள் போகிற வரை நின்று பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பூனையிடம் பாலைக் காவலுக்கு வைத்தாற்போல இருந்தது எனக்கு.

அந்த நாட்களில் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட் இரண்டு துருவேறி எஞ்சினிலேயே நின்றுவிட்டன. நானாக இருந்தால் ஓங்கித் திருகி ஒடித்திருப்பேன், பிறகு நாள் முழுக்கத் துளை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் எண்ணெய் விட்டாள், தட்டினாள், சுட வைத்தாள், ஆறவிட்டாள். மறுபடியும் எண்ணெய் விட்டாள். மறுநாள் மத்தியானம் இரண்டும் ஒடியாமல் கைக்கு வந்தன. எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. கூச்சத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வாரம் முடியும் நேரத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. பார்சல் வரவில்லை. லயத்துத் தாய்மார்கள் சிலர் இனிமேல் பாஸ்கரனையே ஓட்டச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டதாக ஸ்டாண்டிலிருந்து சேதி வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. பேசாமல் ராப் சுற்றிக்கொண்டு இன்றைக்கே வண்டியை எடுத்துவிடலாமே, வேறொரு பழைய மேனிஃபோல்டு கிடக்கிறது என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ட்ரிப் போனா வேற ட்ரிப் தேடிக்கிடுவேன்ணே. பிள்ளைகள வச்சு அப்படி ஒரு பொழப்பு வேணாம்."

பாஸ்கரன் வந்தான்

பார்சல் வந்தது. சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது மேனிஃபோல்டு. புகை கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் வைத்து அவளே முடுக்கினாள். மெதுவாக ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மேடு ஏறி இறங்கி வந்து காலைக் காட்டினாள். சூடு இருந்தது, சுடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பாஸ்கரனின் ஜீப் பட்டறைக்குள் நுழைந்தது.

ட்ரிப் இனி என்னுடையது என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தோம். முருகேசன்கூட எழுந்து நின்றுவிட்டார். பாஸ்கரன் யாரையும் பார்க்காமல் பானட்டைத் திறந்து, ராப்பைப் பிரியுங்கள் என்றான். பிரித்தோம். அடியில் துரு. துருவுக்கு நடுவே ஒரு முடியளவு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரி. மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டபோதெல்லாம் அந்தப் புகை வண்டிக்குள் போயிருக்கிறது. சுற்றியவன் நான்தானே.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தான் பீடி குடிக்கிறவன், தனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை என்றான். இரண்டு நாளாகப் படுதாவை இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறான். இறங்கும்போது பிள்ளைகள் இந்த வண்டியில் ஏறினால் தலை வலிக்கிறது, அக்கா வண்டியில் வலிக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அதை ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கலாம். ராப்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றியும் ஓட்டியிருக்கலாம். அவனோ எல்லாப் பிள்ளைகளையும் பத்திரமாக ஸ்டேட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தாய்மார்களிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வாயாடிப் பயல் என்று இத்தனை நாள் நினைத்திருந்த எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது. அவன் மாரிச்செல்விக்கு முன்னால் வந்து நின்றான்.

"ட்ரிப்மேல ஆச இருந்தது நெசம்தான் மாரி. பிள்ளைகள நீயே ஏத்திக்க. என் வண்டியும் கோயம்புத்தூர் போயிட்டு வரட்டும், அதுவரைக்கும் என் தேயில ட்ரிப்பையும் நீயே ஓட்டு."

ராப்பா செராமிக்கா என்று இப்போது யார் வந்து கேட்டாலும் பின் சீட்டில் யாரை ஏற்றுகிறீர்கள் என்று முதலில் கேட்டுத் தொலைக்கிறேன், அதனால் போன மழைக்கு வாங்கிய ராப் கட்டுகள் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கின்றன.