ஒன்பதாவது விதி

மூத்த பெண்ணுக்கு வேலைக் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லாரும் சம்பளம் எழுதியிருந்த வரியோடு நின்றுவிட்டார்கள். அவள் அப்பா மட்டும் கடைசிப் பக்கம் வரை போனார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பொடி எழுத்தைக் கண்டால் விடமாட்டார். ஒன்பதாவது விதியைக் கண்டுபிடித்தது அவர்தான். வேலையில் சேரும் நாள் வரை வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்றது அது.

சேரும் நாள் வருவதற்குள் தொழில்கள் படுத்துவிட்டன. கம்பெனி முதலில் மூன்று மாதம் தள்ளிப்போட்டது, பிறகு ஆறு மாதம், அப்புறம் ‘தெரிவிக்கிறோம்’ என்று ஒரே வரி. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. கூடப் படித்தவர்கள் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு கடைகளில் பில் போட்டார்கள். பம்பு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த தாய்மாமன், வரைபடம் போட அவளைக் கூப்பிட்டார். அவளுக்கு ஆசைதான். அப்பா கடிதத்தை எடுத்துவந்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“கையெழுத்துப் போட்டிருக்கோம். எழுத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?”

பெண்ணை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார் என்று மாமா கிண்டலடித்தார். அவள் சிரித்துவைத்தாள். ஆனாலும் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குக் குளித்துத் தலை வாரித் தயாராகிவிடுவாள். போக இடம்தான் இல்லை. இப்படியே இரண்டு வருஷம்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அதே கடிதம் வாங்கிய நாற்பது பேர் வந்திருந்தார்கள், இடம் எட்டு. இத்தனை நாள் என்ன செய்தாய் என்று அதிகாரி கேட்டார்.

“எங்கேயும் போகல சார். போகக் கூடாதுன்னு ஒன்பதாவது விதில இருக்கு.”

அவர் கடிதத்தை வாங்கிப் புரட்டினார். அந்த வரியை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார் போலிருக்கிறது.

“இதை யாரும் படிக்கிறதே இல்லையேம்மா.”

மற்றவர்களிடம் ஏதோ கொஞ்சம் அனுபவம் இருக்கிறது, புதியவர்கள் வேண்டுமென்றால் இந்த வருஷம் படித்து முடித்தவர்களே நூற்றுக்கணக்கில் நிற்கிறார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். கிடைக்கவில்லை என்றாள். அவர் முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்கப் பயந்ததைக் கேட்டார்.

“நடுவுல வெளிய வேலை பார்த்தவங்களை எடுத்துக்கிட்டாங்களா?”

எட்டுப் பேரும் அவர்கள்தான். இந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

“இல்லப்பா. அவங்களை முதல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.”

அப்பா பெருமூச்சு விட்டார். இரண்டு வருஷப் பாரம் இறங்கியதுபோல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பார்த்தியா, நாம தப்புப் பண்ணல. உன் மாமா இனி எத்தனை தடவை கூப்பிட்டாலும் போயிடாதே. அடுத்து எடுக்கும்போது உன்னைத்தான் கூப்பிடுவாங்க.”

“சரிப்பா,” என்றாள் அவள்.