கருணாகரன் இரண்டு மொழியில் சொன்ன பொய்

மலாக்கா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கருணாகரனிடம் அவர் குடியிருந்த காஜா பெராங்கில் யாரும் ரகசியம் சொல்ல மாட்டார்கள். ஊரெல்லாம் போய்ப் பரப்பிவிடுவார் என்ற பயமல்ல. யாராவது கேட்டால், சொன்னவர் நடுவில் இருமியிருந்தால் அந்த இருமலையும் சேர்த்து, அப்படியே ஒப்பித்துவிடுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். வேலையில் சேர்ந்த அன்று செய்த சத்தியத்தை மனுஷர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார்.

அவருடைய சொந்த மைத்துனன் தம்பிராஜா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு பாசார் சந்தையில் மீன்காரனை அடித்த வழக்கு வந்தது. கூண்டில் ஏறிய தம்பிராஜா, மாஜிஸ்திரேட்டுக்குத்தான் தமிழ் தெரியாதே என்ற தைரியத்தில், "மச்சான், நான் லேசாத் தள்ளினேன்னு சொல்லுங்க" என்று கண்ணடித்தான்.

கருணாகரன் திரும்பி, ஆங்கிலத்தில், "மச்சான், நான் லேசாகத் தள்ளினேன் என்று சொல்லுங்கள் என்கிறார், ஐயா. இடது கண்ணை அடித்தார்" என்றார்.

தம்பிராஜாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "நீயெல்லாம் ஒரு மனுசனா, கழுத!" என்று கத்தினான்.

"என்னைக் கழுதை என்கிறார், ஐயா" என்றார் கருணாகரன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். தம்பிராஜா உள்ளே போனான். அவன் வெளியே வரும்வரை அக்காக்காரி சாரதாம்பாள் புருஷனுக்குச் சோற்றை வைத்தாளே தவிர, குழம்பைக் கண்ணில் காட்டவில்லை. அதற்கும் அவர் அசையவில்லை.

இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கவிழ்த்தது.

நாடு சுதந்திரம் வாங்கி ஏழாவது வருஷம். பக்கத்திலேயே இருந்த கம்போங் செட்டிக் குடியிருப்பில் விநாயகம் என்பவர் வீட்டில் முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்து இறங்கியது. விநாயகம் நெற்றி நிறைய விபூதி பூசுவார், தேவாரத்துக்குக் கைகூப்புவார், ஆனால் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளில் பெரும்பாலோரைப்போல வீட்டில் பேசுவது மலாய்தான். பெட்டியோ வாரம் ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு குடும்பத் தொடர் காட்டியது. ஒரு விஞ்ஞானி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் ஒரு கொதிகலன் மாதிரி இருந்த இயந்திரத்தில் ஏறிக்கொண்டு பழைய காலத்துக்கும் வரப்போகிற காலத்துக்கும் போய்ப் போய் வருவார்கள். அக்கம்பக்கமெல்லாம் விநாயகம் வீட்டில் கூடிவிடும். பெட்டி பேசப் பேச, கருணாகரன் எழுந்து நின்று முதலில் தமிழில் சொல்வார், பிறகு மலாயில் சொல்வார். பெட்டியின் வலப்பக்கம் கோர்ட்டில் நிற்கிற மாதிரியே நிற்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடுத்த சந்திலிருந்து அஞ்சலை ஓடி வந்தாள். அவள் புருஷன் மருதமுத்து பெயர்ப்பலகை எழுதுகிறவர். பலகை எழுதாத நேரத்தில் தன்பாட்டுக்குப் படம் வரைந்து, வீட்டின் பின்கட்டில் அடுக்கி வைப்பார். யாரும் வாங்கியதில்லை. அந்த வருஷம் திருவிழாப் பந்தலுக்கு அம்மன் படம் எழுதச் சொன்னார்கள். மனுஷர் தினமும் கண்ணால் பார்க்கிற செட்டிப் பெண்களை நினைத்துக்கொண்டு அம்மனுக்கு அவர்களைப்போலவே கைலியும் மேல்சட்டையுமாக சாரோங் கெபாயா உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி எழுதிவிட்டார். செட்டிப் பெண்கள் பூரித்துப் போனார்கள். பந்தல் போட்ட இளைஞர் கூட்டமோ, "அம்மன் பாசாருக்குக் கிளம்பிட்டாளா?" என்று சிரித்து, படத்தின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டது. அன்றிலிருந்து மருதமுத்து யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை.

"அண்ணே, ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு" என்று அஞ்சலை கருணாகரனிடம் அழுதாள். "மண்ணெண்ணெய் வாங்கி வச்சிட்டாரு. நாளைக்குக் காலையில அத்தனை படத்தையும் போட்டுக் கொளுத்திட்டுத்தான் மறுவேலையாம். படம் போனா இவரும் போயிருவாருண்ணே. எனக்கு பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொந்தமா எதும் சொல்றதில்லையே தங்கச்சி" என்றார் கருணாகரன். உண்மையைத்தான் சொன்னார். சாரதாம்பாள் முறைத்த முறைப்பில், "சரி, இன்னிக்கு டிவி பாக்கவாவது கூட்டிட்டுப் போறேன். நாலு பேரோட உக்காந்தா மனசு மாறும்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்று அந்தக் கொதிகலன் எங்கே போய் இறங்கியது தெரியுமா? ஹாலந்து தேசத்தில், பழைய காலத்தில், யாருமே படம் வாங்காத ஒரு கிழட்டு ஓவியன் வீட்டு வாசலில்! போவதற்கு அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

மருதமுத்து முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். கிழவன் மீன் சந்தையை வரைந்தான், ஊர் சிரித்தது. மருதமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். விஞ்ஞானியின் பிள்ளைகள் கிழவனோடு ஒட்டிக்கொண்டார்கள். கருணாகரன் இரண்டு மொழியிலும் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பனிக்காலம் வந்தது. கிழவன் விறகில்லாமல் தன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பில் வைத்தான். 'போகட்டும், இவற்றால் யாருக்கு என்ன?' என்றான் ஆங்கிலத்தில்.

கருணாகரன் வாயைத் திறந்தார். மருதமுத்துவின் முகம் தெரிந்தது. பின்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அஞ்சலையும் தெரிந்தாள்.

"படத்தையெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டாரு" என்றார் கருணாகரன். "இப்ப எரியிறது வெறும் சட்டம். பழைய பலகை."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, தான் என்ன செய்தோம் என்று. கழுத்தெல்லாம் வேர்த்தது. ஆனால் தமிழில் சொன்னால் போதுமா? மலாயிலும் அதே பொய்யைச் சொல்லவேண்டுமே! சொன்னார். பழக்கமில்லாத வேலை, நாக்கு இரண்டு முறை தடுக்கியது. கான்வென்டில் ஆங்கிலம் படிக்கும் அவர் மகள் விஜயா, "அப்பா, அது அப்படியில்ல..." என்று ஆரம்பித்தாள். சாரதாம்பாளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. புருஷன் முகம் தெரியும். சட்டென்று ஒரு முறுக்கை எடுத்து மகளின் வாயில் அடைத்தாள்.

கிழவன் கட்டிலில் கிடந்து கண்ணை மூடினான். தலை சாய்ந்தது.

"மாத்தி கா?" என்று விநாயகம் கவலையோடு கேட்டார். செத்துவிட்டானா என்று அர்த்தம்.

"இல்லை, இல்லை. தூங்குகிறார்" என்று மலாயில் பதறினார் கருணாகரன்.

பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகளும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். அது சந்தோஷ அழுகையாம். விஞ்ஞானி தொப்பியைக் கழற்றினார். அங்கே புழுக்கம் அதிகமாம். எல்லோரும் கொதிகலனில் ஏறி நம் காலத்துக்குத் திரும்பினார்கள். ஒரு பெரிய கண்காட்சி மண்டபத்தில் அந்தக் கிழவன் பெயரைக் கேட்டார்கள், காவலாளி உதட்டைப் பிதுக்கினான். 'அப்படி ஒரு ஆளே கிடையாது' என்றது பெட்டி.

"அவர் படத்தைப் பாக்க அவ்வளவு கூட்டமாம், இன்னிக்கு உள்ள விட முடியாதாம்" என்றார் கருணாகரன். உதட்டைப் பிதுக்கியதற்கு அதைவிட நல்ல விளக்கம் அந்த அவசரத்தில் யாருக்கு வரும்? கூட்டம் கைதட்டியது. மருதமுத்து மட்டும் தட்டாமல் எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கருணாகரன் கொல்லைப்புறத்தில் நின்று அடுத்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை புகை வந்தது. வேலிவரை ஓடினார். விசாரித்ததில், யாரோ தேங்காய் மட்டை எரித்தார்கள். வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய நாக்கை ஒரே ராத்திரியில் விற்றாயிற்று. அதற்கும் பலன் இல்லாமல் போனால்? மனுஷர் பசியாறவே இல்லை.

வெயில் ஏறியபின் மருதமுத்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கிழவன் செத்துட்டான், இல்லண்ணே?"

கருணாகரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"படத்தையெல்லாம் எரிச்சிட்டான். அவன் பேருகூட ஒருத்தனுக்கும் தெரியல. அதானே இங்கிலீஷ்ல சொன்னாங்க? நான் சின்ன வயசுல சிங்கப்பூரு கப்பல் தளத்துல வெள்ளைக்காரனுங்களுக்குப் பெயின்ட் அடிச்சவன். பேச வராது. கேட்டா நல்லா வெளங்கும்."

"அப்ப... அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றார் கருணாகரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எப்படிண்ணே சொல்றது? மச்சான் ஜெயிலுக்குப் போறப்பவே ஒரு வார்த்தை மாத்தாத ஆளு. எனக்காக ரெண்டு பாஷையில முழுப் பொய்யா சொல்லிக்கிட்டு வேர்த்துப்போய் நிக்கிறீங்க." மருதமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா அதான் கண்ணுல நின்னுச்சு. காலையில தீப்பெட்டிய எடுத்தேன். கை வரல."

கருணாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் இல்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் மருதமுத்து. "என் படத்துல ஒண்ணையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பந்தல் அம்மனைக்கூடச் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் பார்த்தார். ஒன்றையும் பார்க்காமலேயே சொன்ன பொய் அது. கருணாகரன் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

பின்கட்டில் மண்ணெண்ணெய் டின் அப்படியே இருந்தது. மருதமுத்து முதல் படத்தைத் திருப்பி வைத்தார். "இனிமே பொய் வேணாம்ணே. கோர்ட்ல சொல்ற மாதிரி சொல்லணும்."

அதில் இருந்தது கிளேபாங் கடற்கரை. கருணாகரன் பார்த்தார். "இது நல்லா இல்ல" என்றார். கதவோரம் நின்ற அஞ்சலைக்குத் திக்கென்றது.

அடுத்தது ஒரு மாட்டுவண்டி. "இதுவும் நல்லா இல்ல. மாடு நாய் மாதிரி இருக்கு."

மருதமுத்து தலையாட்டிக்கொண்டு மூன்றாவதைத் திருப்பினார். அஞ்சலை அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து மீன் அரிகிறாள். கொசுவை விரட்டக் கை ஓங்கியபடி, யார்மேலோ கோபமாக வாயைத் திறந்திருக்கிறாள். கருணாகரன் குனிந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோழி ஒன்று காலடியில் வந்து கொத்திவிட்டுப் போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மருதமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வாய்விட்டு அழுதார்.