தயாளினியும் கசெட் வேகமும்

தயாளினி தைத்த படகு உறைக்குள் மழைத்தண்ணீர் போனதாக திருகோணமலை உள்துறைமுகத்தில் இதுவரை ஒருவரும் முறைப்பட்டதில்லை. முறைப்பட்டிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். தகப்பன் இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினில் இருந்தவள். தம்பி தனஞ்சயனை வளர்த்து ஆளாக்கியது அந்த மெசின். அதனால் ஊரில் எவருக்கும் அவள் தலை குனிந்ததில்லை. அளக்காமல் வெட்டுகிறவர்களையும் அறியாமல் கதைக்கிறவர்களையும் அவள் ஒரே பார்வையால்தான் பார்ப்பாள். அந்தப் பார்வை பட்டவர்கள் இரண்டாம் முறை அவளிடம் வாய் திறப்பதில்லை.

தனஞ்சயன் படகு எஞ்சின் திருத்துகிறவன். பின்னேரங்களில் ட்ரம்ஸ் அடிப்பான். ஒருநாள் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குழுவின் அல்பத்தைப் போனில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நாற்பது வருடமாக ஹெவி மெட்டல் வாசிக்கும் குழு. அல்பம் அந்த மாதம்தான் வந்தது. நிற்பாட்டத் தயாளினிக்குக் கை ஒழியவில்லை. படகு உறைக்கான தடித்த தரப்பாள் துணியை ஊசிக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓரம் தைத்து முடிய மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலும் மெசின் மிதியும் அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த நரைச்ச தாடியளுக்கு வீட்டில வேற வேலை இல்லையோ?" என்றாள், போனில் தெரிந்த படத்தைப் பார்த்து.

அடுத்த நாள் அவளே கேட்டாள். "டேய், அந்தக் கிழவன்மாரைப் போடு."

அவசரப்படாத, ஆனால் விட்டுக்கொடுக்காத அடி. ஒருவர் மற்றவரை முந்தி ஓடவில்லை. வேலை தெரிந்தவர்கள் என்று அவள் ஒத்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

அந்தக் குழுவுக்குத் திருகோணமலையில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அப்படித்தான் தவராசா தன்னை நினைத்திருந்தார். கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருக்கும் ஐம்பது தாண்டிய ஆள். வயிற்றில் இறுகிய கறுப்பு ரீசேட்டோடு உவர்மலையில் ஒரு சின்னக் குழு நடத்தி, அந்த வெள்ளைக்காரரின் பழைய பாட்டுகளைப் பாடிவந்தார். அவருக்கு ட்ரம்ஸ் அடித்த மருமகன் கனடாவுக்குப் போய்விட்டான். உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. தனியே அடித்து அலுத்துப்போயிருந்த தனஞ்சயனுக்கு அந்த இடம் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். ஊரில் வேறு குழுவும் இல்லை.

அவன் தவராசாவைப் பார்க்கப் போனபோது தயாளினியும் கூடப் போனாள். தம்பி அடிப்பதை நாலு பேர் கேட்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தவராசா கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார். "எந்த அல்பத்தில இருந்து கேக்கத் தொடங்கினனீர்?"

"புதுசில இருந்து அண்ணை."

தவராசா தொடையில் அடித்து, பக்கத்தில் கிற்றாரோடு இருந்தவனைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியே சஜீத்? தேர் ஊர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வந்தாப்பிறகு தேங்காய் உடைக்க வந்திருக்கிறார்! தம்பி, புதுசில என்ன இருக்கு? கிழடுகள் இளைச்சு இளைச்சு வாசிக்குதுகள். உண்மையான வேகம் இதில இருக்கு."

ஒரு பழைய கசெட்டை எடுத்துப் போட்டார். சண்டைக் காலத்தில் ரவுணில் காசுக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்த றெக்கோடிங் பாரில் பதிந்தது. அந்த ஊர்ப் பழைய ரசிகர்கள் எல்லோரும் அங்கேதான் பதிந்தார்கள். பாட்டு நாய் துரத்தியதுபோல ஓடியது.

தயாளினி நெற்றியைச் சுருக்கினாள். "இதில பாடுறது ஆர்? பொம்பிளையோ?"

"என்ன கதை கதைக்கிறீர் தங்கச்சி? அவன்தான், அதே ஆள்!"

தனஞ்சயன் அதே பாட்டைப் போனில் போட்டான். ஆம்பிளைக் குரல். அடி நிதானமாக விழுந்தது. போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சஜீத், கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"தவராசா அண்ணை, அந்த நேரம் கரண்ட் எங்க இருந்தது? ஜெனரேட்டரில இழுத்து இழுத்து ஓடின செட்டில பதிஞ்சிருக்கிறாங்கள். மெதுவா ஓடேக்க பதிஞ்சதை நல்ல செட்டில போட்டா, பறக்கும்தானே!"

"போனில கிடக்கிறது பிறகு கொம்பனிக்காரன் மாத்தினது," என்றார் தவராசா. முகம் கறுத்திருந்தது. "முப்பது வருசமா கேக்கிற எனக்குத் தெரியாததோ? தம்பி, கசெட் வேகத்துக்கு அடிக்கிறதெண்டா இரும். ஏலாதெண்டா உம்மட புது அல்பத்தோட வீட்ட போம்."

தம்பி எழும்பி வருவான் என்று தயாளினி செருப்பை மாட்டிவிட்டாள்.

"சரி அண்ணை," என்றான் தனஞ்சயன். "கசெட் வேகத்துக்கே அடிக்கிறன்."

வீட்டுப் படலையைத் திறக்கும்போது அவனைப் பிடித்துக்கொண்டாள். "பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு அடிக்கப்போறாய். வெக்கமில்லை உனக்கு?"

"எனக்கு அடிக்க ஒரு இடம் வேணும் அக்கா. அந்தாள் கேட்டதைக் குடுப்பம். ஒரு மயிரிழையும் குறைக்காமக் குடுப்பம்."

அவன் என்ன சொன்னான் என்பது உப்புவெளி நிகழ்ச்சியில்தான் அவளுக்கு விளங்கியது.

முந்தி ட்ரம்ஸ் அடித்த மருமகன் மாமாவின் முகத்தைப் பார்த்து அடிக்கிறவன். மாமாவுக்கு மூச்சு முட்டினால் அடியை இறக்கிவிடுவான். அது தவராசாவுக்கே தெரியாது. தான் கசெட் வேகத்தில் பாடுவதாகவே அத்தனை வருடமும் நம்பியிருந்தார். தனஞ்சயன் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. கசெட் எப்படி ஓடியதோ அப்படி அடித்தான். முதல் பாட்டில் தவராசா சமாளித்தார். இரண்டாவதில் பாதிச் சொற்களை விழுங்கினார். மூன்றாவதில் மைக்கைப் பிடித்தபடி, பின்னால் கையை வைத்து, இறக்கு இறக்கு என்று சைகை காட்டினார். தனஞ்சயன் குனிந்த தலை நிமிரவில்லை. சனம் அதைக் கூத்தென்று எண்ணிக் கைதட்டியது. என்ன அடி, என்ன பாட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. தயாளினி அந்தச் சனத்தையும் ஒருதரம் அளந்து பார்த்துவிட்டு, கடைசிப் பாட்டுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமை ஒத்திகை நாளன்று தவராசாவே அவர்கள் வீட்டுக்கு வந்தார், தனஞ்சயனைக் கூட்டிக்கொண்டு போக. தேத்தண்ணி குடித்தார். சுற்றி வளைத்துக் கதைத்தார்.

"தம்பி, கொஞ்சம் இறக்கி அடிச்சுப் பாப்பமே. அந்தப் புது அல்பத்தில ஒரு நிதானம் கிடக்கு. நான் முந்தியே சொன்னனான்."

"ஓம் அண்ணை," என்றான் தனஞ்சயன், குச்சிகளை எடுத்துக்கொண்டு.

தயாளினி கோப்பையை எடுத்தாள்.

"ஓமோம், சொன்னனீங்கள். தேர் இருப்புக்கு வந்தாப்பிறகு தேங்காயோட வந்து நிண்டு சொன்னனீங்கள்."